தட்டில் ஜெயித்த மவுத்வாஷ்

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டில் எனக்கு வந்த புராஜெக்ட், கடையில் விற்கும் மவுத்வாஷ்கள் பல் சொத்தைக் கிருமியை எவ்வளவு தடுக்கின்றன என்று பார்ப்பது. மைக்ரோபயாலஜி படித்த பலருக்கு இது பழகிய தலைப்பாகத்தான் இருக்கும். செலவு குறைவு, ஒரு செமஸ்டருக்குள் முடிந்துவிடும். எனக்கு அதில் சொந்தக் காரணம் ஒன்றும் இருந்தது. நான் தர்மபுரி மாவட்டத்துக்காரி. பென்னாகரம் பக்கத்துக் கிராமம். எங்கள் ஊரில் பெண்கள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் அதை வெட்கம் என்று நினைப்பார்கள். பல்லில் ஏறிய காவியை மறைக்கத்தான் அந்தக் கை.

அம்மாவின் முன்பற்களில் பழுப்புப் பட்டைகள் உண்டு. சில இடங்களில் எனாமலே குழி விழுந்திருக்கும். போர் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடால் வருவது இது என்று சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து சொல்லிப் போனது என் பள்ளி நாட்களில். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-இல்தான் வந்தது. நான் புராஜெக்ட் செய்தபோது ஊரில் இன்னும் போர் தண்ணீர்தான். அதனால் ஃப்ளோரைடு என்ற சொல்லே எனக்கு விஷத்தின் பெயர் மாதிரி இருந்தது. ஆய்வுக்கு மவுத்வாஷ்களை ஃப்ளோரைடு உள்ளவை, இல்லாதவை என்று இரண்டாகப் பிரித்தேன். இல்லாதவை ஜெயிக்க வேண்டும் என்று மனதுக்குள் ஆசையும் இருந்தது.

ஜெயித்தன.

எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்ல வேண்டும், பின்னால் வருவதற்கு அது தேவை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவைச் சண்டிகரில் உள்ள நுண்ணுயிர் வங்கியிலிருந்து வாங்கினோம். அகார் தட்டு, அதாவது பாக்டீரியா வளர ஜெல்லி ஊற்றி உறைய வைத்த தட்டு, முழுக்க அதைப் பஞ்சுக் குச்சியால் தடவி, கார்க் போரரால் சின்னச் சின்னக் குழி வெட்டி, ஒவ்வொரு குழியிலும் ஒரு மவுத்வாஷை மைக்ரோபிப்பெட்டால் விடுவோம். எங்கள் ஆய்வகத்தில் கார்பன் டைஆக்சைடு இன்குபேட்டர் கிடையாது. கண்ணாடி ஜாடிக்குள் தட்டுகளை அடுக்கி, ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து மூடிவிடுவோம். சுடர் தானாக அணையும்போது உள்ளே ஆக்சிஜன் குறைந்து கார்பன் டைஆக்சைடு கூடியிருக்கும். மியூட்டன்ஸுக்கு அது போதும். ஜாடியை 37 டிகிரியில் வைத்து, மறுநாள் காலையில் ஓடிப் போய்ப் பார்ப்போம். குழியைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிவான வட்டம் இருக்கும். அதற்குப் பெயர் சோன். "சோன் வந்துச்சா?" என்பதுதான் அந்த மூன்று மாதமும் எங்கள் காலை வணக்கம்.

குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷுக்கு மிகப் பெரிய சோன். தைமால், யூகலிப்டால் மாதிரி எண்ணெய்ச் சத்துகள் கலந்ததற்கும் மூலிகை மவுத்வாஷ் ஒன்றுக்கும் நடுத்தரமானது. ஃப்ளோரைடு மட்டும் உள்ளதற்குக் குழியின் விளிம்பில் ஏதோ இருக்கிறது என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஃப்ளோரைடு இல்லாதவையே சொத்தைக் கிருமிக்கு எதிராகச் சிறந்தவை என்று முடிவுரையில் எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதைவிட, அம்மாவிடம் சொல்ல ஒரு செய்தி கிடைத்தது.

பல வருடம் கழித்து, ஓசூரில் வேலை, கல்யாணம், ஒரு மகன். அவனுக்கு முதலிலிருந்தே ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட். ஆறு வயதுக்கு மேல், பல் தேய்த்த கையோடு ஃப்ளோரைடு இல்லாத மூலிகை மவுத்வாஷ். காலையும் இரவும். தவறியதே இல்லை. எட்டு வயதில் கீழ்வரிசை கடைவாய்ப்பல் கூசுகிறது என்றான். ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் அது, பால் பல் இல்லை, விழுந்து முளைக்காது. டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுப்பள்ளத்தில் கறுப்பாக ஒரு கோடு.

பல் டாக்டர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பையனின் பல்லைச் சுத்தம் செய்து அடைத்துக்கொண்டே பேஸ்ட், மவுத்வாஷ் எல்லாம் விசாரித்தார். நான் என் புராஜெக்ட் வரைக்கும் சொன்னேன். சோன் கணக்கெல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கையுறையைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"எல்லாம் சரிங்க மேடம். உங்க தட்டுல பல் எங்க இருந்துச்சு?"

அன்று இரவு முழுக்க அதே கேள்விதான் ஓடியது. நான் பாக்டீரியாவை மட்டும் பார்த்திருக்கிறேன். சொத்தை விழுவது பல்லில். அந்தத் தட்டில் பல் இல்லை, எச்சில் இல்லை, நாளுக்கு ஆறு தடவை வந்து போகும் சர்க்கரை இல்லை.

டபிள்யூ. டி. மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பெர்லினில் இருந்துகொண்டு 1890-இலேயே இதன் அடிப்படையைச் சொல்லிவிட்டார். வாயில் உள்ள கிருமிகள் நாம் தின்னும் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. மியூட்டன்ஸைக் கிளார்க் என்பவர் 1924-இல்தான் சொத்தையிலிருந்து பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். அமிலத்தை அளக்கும் எண்ணுக்குப் பிஹெச் என்று பெயர், அமிலம் ஏற ஏற அது இறங்கும். பல்லின் மேல் பிஹெச் சுமார் 5.5-க்குக் கீழே போகும்போது எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் வெளியேறும். ஒரு பிஸ்கட் தின்றால் சில நிமிடத்தில் பிஹெச் இறங்கிவிடும், எச்சில் அதைத் திரும்ப மேலே இழுத்து வர அரைமணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகும். ஏறியதும் எச்சிலில் இருக்கும் கால்சியம் பல்லுக்குத் திரும்பிப் போகும். நாள் முழுக்க இந்தப் போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கிறது. போவது வருவதைவிட அதிகமாகும் இடத்தில் குழி விழுகிறது.

ஃப்ளோரைடு வேலை செய்வது இந்தப் போக்குவரத்தில்தான். கால்சியம் திரும்பி வரும்போது ஃப்ளோரைடு கூட இருந்தால் சீக்கிரம் படிகிறது, படிந்தது முன்பைவிட அமிலத்தை அதிகம் தாங்குகிறது. பாக்டீரியாவின் அமில உற்பத்தியையும் ஃப்ளோரைடு ஓரளவு மட்டுப்படுத்தும், ஆனால் அது அதன் பக்க வேலை. ஆக, என் தட்டு ஃப்ளோரைடிடம் அதன் பக்க வேலையை மட்டும் செய்யச் சொல்லிவிட்டு, தோற்றுவிட்டது என்று எழுதிக்கொண்டது. கிருமியைக் கொல்வது ஒரு கேள்வி, பல்லைக் காப்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கு எழுதியது என் தவறு.

முதல் கேள்விக்கே நான் எழுதிய விடை சரியா என்று அப்புறம் யோசித்தேன். அதிலும் ஓட்டைகள் இருந்தன.

தட்டில் மவுத்வாஷ் ஒரு நாள் முழுக்கக் குழியில் உட்கார்ந்திருந்தது. வாயில் அது முப்பது விநாடி இருக்கும், போனால் ஒரு நிமிடம். தட்டில் இருந்த பாக்டீரியா தனித்தனியாக, அப்போதுதான் தடவி விட்டவை. வாயில் இருப்பவை படலம் கட்டிக் குடியிருப்பவை. சாதாரணச் சர்க்கரையைக் கொடுத்தால் மியூட்டன்ஸ் அதிலிருந்து குளூக்கன் என்ற பசையைச் செய்யும். அந்தப் பசைக்குள் மற்ற கிருமிகளும் சேர்ந்து அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ளும். காலையில் எழுந்ததும் நாக்கால் தடவினால் பல்லின் மேல் வழவழப்பாகத் தட்டுப்படுமே, அதுதான். மவுத்வாஷ் அதன் மேல்மாடியை நனைக்கும், பல்லோடு ஒட்டிய தரைத்தளத்துக்குப் பெரும்பாலும் போய்ச் சேராது. பற்களுக்கு நடுவிலும் கடைவாய்ப்பல்லின் குறுகிய பள்ளத்திலும் இன்னும் கஷ்டம். என் மகனுக்குச் சொத்தை விழுந்தது சரியாக அந்தப் பள்ளத்தில்தான்.

சோனின் அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த வட்டம் கொல்லும் திறனை மட்டும் காட்டுவதில்லை, மருந்து அகாருக்குள் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதையும் சேர்த்துத்தான் காட்டும். தண்ணீரில் நன்றாகக் கரையாத எண்ணெய்ச் சத்துகள் அகாரில் சரியாகப் பரவாது. நேர்மின்னேற்றம் உள்ள குளோரெக்சிடினையும் அகார் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு சோன்களை ஸ்கேல் வைத்து அளந்து இது அதைவிட மேல் என்று சொன்னதே சரியில்லை. இதைப் பாடத்தில் படித்திருந்தேன். அளக்கும்போது நினைவுக்கு வரவில்லை.

பாட்டிலில் 99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும் என்று போட்டிருப்பார்கள். அதை உண்மை என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஒரு மில்லி எச்சிலில் ஏறத்தாழ 10 கோடி பாக்டீரியா இருக்கும். 99.9 சதவீதம் செத்தால் மீதி ஒரு லட்சம். ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகும் உயிருக்கு ஆயிரம் மடங்கு ஏறப் பத்துத் தடவை பிரிந்தால் போதும். வாயில் அதற்குப் பல மணி நேரம் ஆகலாம், ஆனால் நடக்கும். பல்லில் ஒட்டியிருக்கும் படலம் எப்படியும் இந்தக் கணக்கில் வராது.

குளோரெக்சிடினைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நிஜமாகவே வலிமையான மருந்து. 1970-இல் டென்மார்க்கில் லோ, ஷியோட் என்ற இருவர் நடத்திய ஆய்வில், பல் தேய்ப்பதையே நிறுத்திவிட்ட மாணவர்கள் 0.2 சதவீதக் கரைசலில் நாளுக்கு இருமுறை கொப்பளித்தார்கள். பல்லில் படலம் ஏறக்குறைய வரவே இல்லை. துப்பிய பிறகும் இந்த மருந்து பல்லிலும் வாயின் தோலிலும் ஒட்டியிருந்து மணிக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும், அதுதான் மற்ற மவுத்வாஷ்களுக்கு இல்லாத பலம். ஈறு வீக்கத்துக்கு, பல் பிடுங்கிய பிறகு, பிரஷ் போட முடியாத நாட்களுக்கு இதைப் போல ஒன்று கிடையாது.

அப்படியென்றால் சொத்தையையும் நிறுத்தியிருக்க வேண்டும் இல்லையா? நானும் அப்படித்தான் நம்பினேன். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் நிபுணர் குழு 2011-இல் ஃப்ளோரைடு அல்லாத வழிகளை எல்லாம் வரிசையாகப் பார்த்தது. சொத்தையைத் தடுக்கக் குளோரெக்சிடின் மவுத்வாஷைப் பரிந்துரைக்கவில்லை. மியூட்டன்ஸ் எண்ணிக்கை குறைந்தது, சொத்தை எண்ணிக்கை அதே போலக் குறையவில்லை. மியூட்டன்ஸ் போனால் அமிலம் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள், லாக்டோபேசில்லஸ் மாதிரி. சர்க்கரை வந்துகொண்டே இருந்தால் காலி இடத்தை அவர்கள் பிடிப்பார்கள். கொப்பளிப்பதை நிறுத்தியதும் மியூட்டன்ஸும் திரும்பி வரும்.

இதற்கு நடுவில் குளோரெக்சிடினை மாதக்கணக்கில் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். காபி, டீ குடிப்பவர்களுக்குச் சீக்கிரமே வரும். ஏற்கெனவே காவி ஏறிய பல்லோடு வாழ்ந்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதை யாராவது தினமும் கொடுத்தால் எவ்வளவு கொடுமை. நாக்கின் ருசியும் கெடும். இன்னொன்று, லண்டனில் 2013-இல் வெளியான ஒரு சின்ன ஆய்வு. 19 பேர் ஒரு வாரம் குளோரெக்சிடினால் கொப்பளித்தார்கள். ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளி வரை ஏறியது. கீரை, பீட்ரூட்டிலிருந்து வரும் நைட்ரேட்டை ரத்தக்குழாய்க்கு உதவும் வடிவத்துக்கு மாற்றித் தருவது நாக்கின் மேல் வாழும் நல்ல பாக்டீரியா. அவையும் சேர்ந்து செத்ததால் வந்த விளைவு அது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் பிபி மாத்திரை போடும் அம்மாவை வைத்துக்கொண்டு என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

எண்ணெய்ச் சத்து மவுத்வாஷ் 1879-இல் அமெரிக்காவில் லிஸ்டரின் என்ற பெயரில் வந்தது. அறுவைச் சிகிச்சையில் கிருமிநாசினியைக் கொண்டுவந்த ஜோசஃப் லிஸ்டரின் பெயரைத்தான் வைத்தார்கள். ஈறு வீக்கம் குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. சொத்தைக்கு அதே தயாரிப்பாளர்கள் ஃப்ளோரைடு சேர்த்துத் தனி பாட்டில் விற்கிறார்கள். அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பதைப் பற்றி நம்மவர்கள் நிச்சயம் கேட்பார்கள். சென்னையில் பல் மருத்துவர்கள் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. இருபது பையன்கள், பத்துப் பேருக்கு நல்லெண்ணெய், பத்துப் பேருக்குக் குளோரெக்சிடின். எண்ணெய்க் குழுவில் பல் படலத்தில் இருந்த மியூட்டன்ஸ் ஒரு வாரத்திலும் இரண்டு வாரத்திலும் கணிசமாகக் குறைந்தது. குளோரெக்சிடின் அதைவிடச் சீராக, எச்சிலிலும் சேர்த்துக் குறைத்தது. நேர்மையான ஆய்வு, மதிக்கிறேன். ஆனால் அதிலும் எண்ணியது கிருமியைத்தான். சொத்தை விழுந்ததா இல்லையா என்று சொல்ல இரண்டு வருடமாவது குழந்தைகளைப் பின்தொடர வேண்டும், பத்துப் பேர் போதாது. மூலிகை மவுத்வாஷ், பச்சைத் தேயிலை, வேப்பிலைச் சாறு பற்றி வரும் பெரும்பாலான ஆய்வுகளும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. என்னுடையதும் அங்கேதான் நின்றது.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதை மூலிகைக்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். ஆலும் வேலும் குச்சிகள். மென்று நாராக்கித் தேய்ப்பவை. அந்த நார் படலத்தைக் கிழித்து எடுக்கும். சாற்றை மட்டும் பாட்டிலில் அடைத்துக் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டால் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

ஃப்ளோரைடு மவுத்வாஷ் பக்கம் சொத்தையையே எண்ணிய ஆய்வுகள் இருக்கின்றன. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் அவற்றைத் தொகுத்தது. பள்ளிகளில் ஆசிரியர் பார்வையில் கொப்பளித்த பிள்ளைகளுக்கு நிரந்தரப் பற்களில் சொத்தை சராசரியாக 27 சதவீதம் குறைந்தது. மாயம் இல்லை, ஆனால் உண்மையான குறைவு. தட்டில் சோன் கூட சரியாக வராத மருந்து செய்த வேலை இது.

இனி எங்கள் ஊர்ப் பயத்துக்கு வருகிறேன். அது பொய்ப் பயம் இல்லை. இந்தியாவில் ஃப்ளோரைடு பாதிப்பு முதன்முதலில் பதிவானதே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில், 1937-இல். அதிகமானால் பல்லோடு நிற்காது, எலும்பு வரை போகும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. பல் காவி, பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போது விழுங்கும் ஃப்ளோரைடால் வருவது, ஏறக்குறைய எட்டு வயதுக்குள். முளைத்து முடிந்த பல்லில் வெளியிலிருந்து படும் ஃப்ளோரைடு அந்தக் காவியை உண்டாக்காது. லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள தண்ணீரை நாளுக்கு 2 லிட்டர் குடித்தால் 6 மில்லிகிராம் உடம்புக்குள் போகிறது. 0.05 சதவீதச் சோடியம் ஃப்ளோரைடு மவுத்வாஷ் 10 மில்லியில் சுமார் 2.25 மில்லிகிராம் ஃப்ளோரைடு, அதையும் துப்பிவிடுகிறோம். துப்பத் தெரியாமல் விழுங்கும் வயதில் அதுவும் கணக்கில் சேரும், அதனால்தான் ஆறு வயதுக்குள் எந்த மவுத்வாஷும் வேண்டாம் என்கிறார்கள். இன்னமும் போர் தண்ணீர் குடிக்கும் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பேஸ்ட் எது, எவ்வளவு என்று பல் டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஓசூரில் சோதித்த தண்ணீர் குடித்து வளர்ந்த என் மகனுக்கு அந்தக் காரணம் இல்லை. அம்மாவின் பல்லைப் பார்த்து அவன் பல்லுக்கு முடிவெடுத்தேன்.

டாக்டர் கடைசியாகச் சொன்னதை வாசிக்கும் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். பல் தேய்த்த கையோடு மவுத்வாஷ் வேண்டாம். இங்கே விற்கும் ஃப்ளோரைடு பேஸ்டில் 1000 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு வரை, ஃப்ளோரைடு இருக்கும். தேய்த்து முடித்ததும் அது பல்லில் தங்க வேண்டும். அப்போதே ஃப்ளோரைடு இல்லாத மவுத்வாஷால் கொப்பளித்தால் தங்க வேண்டியதை நாமே கழுவி வெளியே அனுப்புகிறோம். வாய் நாற்றத்துக்கோ ஈறுக்கோ வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இரவில் பேஸ்ட் நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீரால்கூடக் கொப்பளிக்காமல் படுப்பது நல்லது. குளோரெக்சிடின் எழுதிக் கொடுத்திருந்தால் அதற்கும் பேஸ்டுக்கும் நடுவில் அரைமணி நேரமாவது இடைவெளி வேண்டும், பேஸ்டின் நுரைப்பொருள் அதைச் செயலிழக்கச் செய்துவிடும்.

மகனின் மற்ற மூன்று கடைவாய்ப்பற்களின் பள்ளத்திலும் சீலன்ட், அதாவது பள்ளத்தை மூடும் பூச்சு, போட்டாயிற்று. படுக்கும் முன் பாலில் தோய்த்த பிஸ்கட் நின்றுவிட்டது. அதை நிறுத்தியதுதான் வீட்டில் பெரிய சண்டை.

போன பொங்கலுக்கு அம்மா வந்திருந்தபோது அவன் இரவு பல் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "என்ன கண்ணு, துப்பிட்டு அப்படியே வந்துட்டான், வாய் கொப்பளிக்க வேண்டாமா?" என்றார். மேலே எழுதிய கணக்கையெல்லாம் உட்கார வைத்துச் சொன்னேன். டியூபை வாங்கி, எழுத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார். "இதுல அது இருக்குதுல்ல?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். ஒன்றும் சொல்லாமல் டியூபைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். காலையில் வழக்கம்போலப் பல்பொடிதான். மூன்றாம் நாள் இரவு, பேரனுக்குப் பக்கத்தில் நின்று, அவன் டியூபிலிருந்து கொஞ்சமாக, பட்டாணி அளவு, தன் பிரஷில் பிதுக்கிக்கொண்டார்.